விரிசலைச் சுற்றி ஒரு வட்டம்

“அப்பா, ஸ்பிரிங் வளையலேன்னா அப்புறம் எது வளையும்?”

மகள் லாரிக்கு அடியில் தலையை நுழைத்துக் கேட்டபோது, மலைப்பாதை ஓட்டுநர் ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதல் பட்டைகளைச் சேர்த்து முடுக்கிக்கொண்டிருந்தார்.

“எதுவும் வளையாதும்மா. அதுக்குத்தானே இந்தப் பாடு” என்று சிரித்தார்.

வண்டி உயர்ந்தது. பாறைகள் அடிவயிற்றில் இடிக்கவில்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருப்பவர்களின் பல் ஆடியது. அவருடைய மனைவியின் அண்ணனும் அதே பாதையில்தான் லாரி ஓட்டினார். சரக்குக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்:

“என்ன மாப்ளே, ஏறுறதுக்கு ஏணி வெச்சிருக்கியா, இல்ல நாங்க தூக்கிவிடணுமா? வண்டிச் சட்டத்தைப் பாத்துக்க. அது ரப்பர் இல்ல.”

“உங்க வண்டி தரையைக் கூட்டிக்கிட்டே போகுதே மச்சான், முதல்ல அதைப் பாருங்க.”

கொட்டகையே சிரித்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மலைமேல் கட்டும் மருத்துவமனைக்காக ஒரு காலையில் செங்கல் ஏற்றியாயிற்று. மனைவியும் மகளும் முன்சீட்டில் இருந்தார்கள். டயரைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில், வண்டியின் சட்டத்தில், மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம். அதற்குள் தலைமுடி போல ஒரு கோடு. விரலால் துடைத்தார். சேறு போயிற்று, கோடு போகவில்லை.

மஞ்சள் சாக்பீஸால் டயரில் குறி போடுகிறவர் அந்தக் கொட்டகையில் ஒருவர்தான்.

“ரெண்டு பேரும் இறங்குங்க” என்றார்.

செங்கலை இறக்கிவிட்டு வெல்டிங் பட்டறைக்கு வண்டியை மெல்ல உருட்டிப் போனார். பட்டறைக்காரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

“ஸ்பிரிங்கை வளையாத கட்டையாக்கிட்டீங்கண்ணே. அது வாங்க வேண்டிய அடியையெல்லாம் சட்டம் வாங்கியிருக்கு.”

“தேறுமா?”

“தேறும். விரிசல் முனையில துளை போட்டா மேல ஓடாது. வெல்டு வெச்சு, தகடும் சேத்துத் தர்றேன். அந்த அதிகப்படி பட்டைங்க மட்டும் இனிமே வேணாம். ஆமா, இதைக் கண்டுபிடிச்ச மகராசன் யாரு?”

மறுநாள் ஓட்டுநர் கொட்டகையில் மச்சானிடம் போய் நின்றார்.

“மச்சான், அந்த வட்டம்...”

“என்ன வட்டம்? உன் வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கறதுதான் எனக்குப் பொழப்பா, மாப்ளே?”

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டைப்பையில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

பழுது பார்த்த வண்டியில் செங்கலை மேலே சேர்த்துவிட்டுக் காலி வண்டியோடு இறங்கும்போது, ஓட்டுநர் ஒரு வளைவில் நிறுத்தினார். அங்கே பாதையின் குறுக்கே ஒரு பாறைப்படி உண்டு. பட்டைகளைக் கழற்றிய பிறகும் அவர் வண்டி அதில் தட்டாது. மச்சானின் தாழ்ந்த வண்டி, சுமையோடு ஏறும்போதெல்லாம் அதில் வயிற்றைத் தேய்க்கும். ஓட்டுநர் கற்களைப் பொறுக்கி வந்து படியின் கீழ்ப்பக்கம் சரிவாக அடுக்கினார். இடுக்குகளில் மண்ணைப் போட்டு மிதித்தார். மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். ஒரு கல்லும் அசையவில்லை.

கீழே தொலைவில் மச்சானின் லாரி உறுமுவது கேட்டது. ஓட்டுநர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த பள்ளத்தில் ஸ்பிரிங் மெல்ல வளைந்து நிமிர்ந்தது.