யாரோ தொட்ட பாராசூட்

பையை முதுகில் மாட்டப் போன லோரெல், அப்படியே நின்றாள்.

யாரோ திறந்திருக்கிறார்கள்.

பாராசூட்டை மடித்து மூடியதும், மிஞ்சுகிற பட்டையின் நுனியை அவள் இடது பக்கம்தான் செருகுவாள். இடதுகைக்காரி. இப்போது நுனி வலது பக்கம் இருந்தது. நேர்த்தியாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

நேற்று மாலை மோவாப் ஊர்ப் பூங்காவின் புல்தரையில் அவளே மடித்தது. அதன் பிறகு பை கிடந்தது, கூடக் குதிக்க வந்திருக்கும் ட்ராஸ்க்கின் வண்டியில். சாவி ட்ராஸ்க்கிடம்.

அந்த ட்ராஸ்க் செம்பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, எச்சில் துப்பிக் காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே நானூறு அடி. விமானத்திலிருந்து குதிப்பவர்கள் மாற்றுப் பாராசூட் வைத்திருப்பார்கள். பாறையிலிருந்து குதிக்கும் இவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. இருக்கிற ஒன்று குதித்த கையோடு விரிய வேண்டும். விரிந்தாலும் பாறைச் சுவரைப் பார்த்து விரியக் கூடாது.

போன வசந்தத்தில் இவர்கள் கூட்டாளி கார்வினுக்குச் சுவரைப் பார்த்து விரிந்தது; பாறையில் மோதிச் செத்தான். அன்று மேலே அவனோடு நின்றவன் ட்ராஸ்க் ஒருவன்தான்.

அதைத்தான் லோரெல் நேற்று புல்தரையில் கிளறினாள். “கார்வின் மடிக்கிறதுல கோட்டை விடுறவனே இல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ இன்னும் முழுசா சொல்லல.” ட்ராஸ்க்கின் முகம் கறுத்துவிட்டது. அவள் பையை மூடும்வரை இருவரும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிக் குதிக்கிறவர்கள் கூட்டத்தில் ஒருவர் வண்டியை இன்னொருவர் கேட்காமல் ஓட்டிப் போகலாம். தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம். மடித்த பாராசூட்டை மட்டும் தொடக் கூடாது. குறைகூடச் சொல்லக் கூடாது. அவரவர் உயிர், அவரவர் மடிப்பு.

“என்ன தாயே, பிரார்த்தனையா?” ட்ராஸ்க் எழுந்து வந்தான். “வெயில் சுவர்ல விழுந்தா காத்து கிளம்பிடும். நீ முதல்ல போ.”

“நான் ஏன் முதல்ல?”

“எப்பவும் நீதானே முதல்ல போவேன்னு அடம் பிடிப்ப?”

உண்மைதான். ஆனால் இன்று அது வேறு மாதிரி கேட்டது.

“மாட்டிக்கிட்டுத் திரும்பு. பூட்டு ஊசி பாக்கறேன்.”

குதிக்கும் முன், முதுகுப்பையைப் பூட்டியிருக்கும் ஊசியைக் கூட வந்தவர் சரிபார்ப்பது வழக்கம்தான். லோரெல் பையை மார்போடு அணைத்துப் பின்வாங்கினாள்.

“தொடாத.”

தார்ப்பாயை விரித்தாள். ஊசியை உருவிப் பாராசூட்டை வெளியே இழுத்தாள்.

“பைத்தியமா உனக்கு? மணல்லயா பிரிக்கிற?”

அவள் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் உருவினாள். முடிச்சு இல்லை. கிழிசல் இல்லை. எல்லாம் கச்சிதம், அவள் மடிப்பதைவிடக் கச்சிதம். ஒன்றும் செய்யாதவன் எதற்காகத் திறந்தான்?

மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு நழுவாமல் கடித்துப் பிடிக்க மாட்டி, மூடும் முன் கழற்றிவிடும் கிளிப்புகளில் ஒன்று குறைந்தது. முழங்காலால் அழுத்திச் சமாளித்து மூடினாள்.

“கிளிப் ஒண்ணு இல்லையா?” என்றான் ட்ராஸ்க்.

லோரெல் சட்டென்று நிமிர்ந்தாள். “உனக்கெப்படித் தெரியும்?”

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் ஒட்டிய பச்சை நாடாவோடு, அவளுடைய கிளிப்.

“நான்தான் திறந்தேன். இது உள்ள இருந்துச்சு, பின்மடிப்பைக் கடிச்சுக்கிட்டு. அப்படியே குதிச்சிருந்தா பாதிதான் விரிஞ்சிருக்கும்.”

“பொய். என் சாமான்லேர்ந்து உருவியிருப்ப.”

“உருவியிருக்கலாம். இல்லேன்னு காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“உன் பாராசூட்டைத் தொட்டேன்னு எந்த வாயால சொல்ல? அதுவும் நான்? அப்புறம் எவன் என்கூட மலை ஏறுவான்?” அவன் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். “கார்வின் அன்னைக்குப் போன்ல யார்கூடயோ சண்டை போட்டுக்கிட்டே மடிச்சான். பாத்துக்கிட்டே இருந்தேன், வாயைத் திறக்கல. நேத்து நீயும் அதே மாதிரி மடிச்ச.”

லோரெல் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியதும் கிளிப்புகளை எண்ணுவது அவள் பழக்கம். நேற்று எண்ணினாளா? அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. எண்ணியது மட்டும் நினைவில் இல்லை.

சரி, இப்போது? காலடியில் கிடக்கிற மூட்டை. நேற்றைவிட அதிகக் கோபத்தில் மடித்தது, அதோடு மணல் வேறு. கயிறு எதுவும் சிக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் அவளால் முடியாது.

அடிவாரத்திலிருந்து காற்று குப்பென்று ஏறி அவள் தொப்பியைத் தூக்கியது.

ஊசியை மீண்டும் உருவினாள். பாராசூட்டைத் துணி மூட்டை போலப் பைக்குள் திணித்தாள்.

“இறங்கப் போறேன்.”

“நடந்தா? மதியம் ஆயிடும்டி.”

“ஆகட்டும். நீ வேணா குதி.”

அவன் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தான். “இந்தக் காத்துலயா? எனக்கென்ன, சாக ஆசையா?” என்று பையைத் தோளில் போட்டான்.

பாதை விளிம்பை ஒட்டி ஓர் ஆள் அகலத்தில் போயிற்று. லோரெல் ஒதுங்கி நின்றாள்.

“நீ முன்னாடி நட.”

“இன்னுமா?”

“நட.”

அவன் நடந்தான். ஓர் அடி இடைவெளி விட்டு, அவன் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், அவளும் இறங்கினாள்.