கால் பங்கு முத்திரை

சுல்தானின் தீவு அதிகாரியான ஆகாவின் சிப்பாய்கள் தெருமுனைக்கு வருவதற்குள் கொழுந்தன் மிகேஸ் என் முன்னால் கையை நீட்டிவிட்டான். "குடுங்க அண்ணி. மத்த மூணும் அங்க போய்ச் சேந்தாச்சு."

எங்கள் தீவின் முத்திரை, காவல் புனிதரின் முகம் பொறித்த வெள்ளியால் ஆனது. அதை நான்காக வெட்டி நான்கு மூப்பர் வீடுகளில் வைத்திருக்கிறோம். நான்கு துண்டும் ஒன்றுசேர்ந்து பதிந்தால்தான் எந்தத் தாளும் செல்லும். எவனும் தனியாகத் தீவை விற்றுவிடக் கூடாதென்று முன்னோர் செய்த ஏற்பாடு. சுல்தானின் அதிகாரிகளுக்கே கடன் கொடுக்கும் எங்கள் வீட்டில் ஒரு துண்டு. என் கணவர் ஸான்னிஸ் எங்கள் வங்கி வேலையாகத் தலைநகர் போயிருந்ததால், அது என் கழுத்தில் சட்டைக்குள் தொங்கியது.

இன்றைய தாள், படகுக்காரப் பையன்களைப் போர்க்கப்பலுக்கு அனுப்ப மூப்பர்களின் சம்மதம். போன போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார் இன்னும் துக்கக் கறுப்பைக் கழற்றவில்லை.

"நம்ம பையனும் போறானா?" என்றேன்.

"அவன் எதுக்கு? மூப்பர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் விலக்கு இருக்கே."

"அப்ப நம்ம வீட்டு முத்திரை மட்டும் எதுக்குப் போகணும்?"

"விளையாடாதீங்க அண்ணி! அண்ணன் தலைநகர்ல அவங்க கைக்குள்ள இருக்கார். வங்கியை இழுத்து மூடிட்டு அவரை உள்ள தள்ளிடுவாங்க."

எனக்குத் தெரியாதா? ஸான்னிஸ் ஒரு நாள் குளிரைக்கூடத் தாங்க மாட்டார். ஆனால் அடுத்தவள் பிள்ளையைக் கொடுத்துத்தான் என் புருஷனைக் காப்பாற்ற வேண்டுமா? இந்த வீட்டில் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சமையலறைக்குப் போய், பாதாம் இடிக்கும் வெண்கல உரலில் துண்டைப் போட்டு உலக்கையை ஓங்கினேன். மிகேஸ் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பைத்தியமா உங்களுக்கு? புதுசு செய்ய சுல்தானோட உத்தரவு வேணும்! அது வர்றதுக்குள்ள வசந்தம் வந்துடும்!"

"அதுக்கு முன்னாடியே கப்பல் கிளம்பிடும்ல? நம்ம பையன்க இல்லாம கிளம்பட்டும்."

"அண்ணன் கதி?"

"உங்க அண்ணனுக்கு இதுல பங்கில்ல, நான்தான் நசுக்கினேன்னு ஆகாகிட்ட சொல்லு. நீ சொல்லாட்டி நானே சொல்றேன்."

வாசலில் துப்பாக்கிக் கட்டையால் கதவைத் தட்டினார்கள். மிகேஸ் திறக்கவும் போகவில்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. நான் நிறுத்தாமல் இடித்தேன். வெள்ளியில் இருந்த புனிதரின் மூக்கும் ஒற்றைக் கண்ணும் தட்டையாகிக்கொண்டே வந்தன.