சோப்பு நீரில் நின்ற ரயில்

பல்கலைக்கழகத்தில் அவருக்கு ‘பிரேக் மேடம்’ என்றே பெயர். பாடமும் ரயில் பிரேக், ஆராய்ச்சியும் ரயில் பிரேக். ஓட்டுநரே இல்லாத ரயில் விடப்போகிற ஒரு நிறுவனம், தொழில்நுட்பத் தலைவராக வரும்படி அவரை அழைத்தது.

“போர்டுல படம் போட்டுக் கை சலிச்சுப்போச்சு. இனிமே நிஜ வண்டிய நிறுத்தப் போறேன்!” என்று கணவரிடம் குதித்தார்.

பல் மருத்துவரான கணவர், “உன் பேச்சையே நிறுத்த முடியல, ரயில நிறுத்தப் போறியாக்கும்” என்று சிரித்தார்.

சேர்ந்த சில நாளிலேயே சோதனை ஓட்டம். அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஜம்மென்று நிலையத்துக்குள் நுழைந்த வண்டி, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மேடத்துக்கு மட்டும் கண் பளபளத்தது.

“சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு வெச்சுத்தானே வண்டி தூரத்தக் கணக்குப் போடுது? ஈரத்துல அது சுத்தாம சறுக்கிருச்சு. கோடு இன்னும் தள்ளி இருக்குன்னு நெனச்சு வண்டி போயிட்டே இருந்திருக்கு! அடியில ரேடார் மாட்டுவோம். அது தரையப் பாத்து நிஜ வேகத்தச் சொல்லும்.”

நிறுவனத் தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “திறப்பு விழாத் தேதிய ஊருக்கே சொல்லியாச்சு மேடம். அது வெயில் காலந்தானே?”

“அதுக்கப்புறம் மழையே பெய்யாதா சார்? தள்ளி வைங்க. நான்தான் காரணம்னு சொல்லிருங்க.”

தலைவர் முணுமுணுத்தபடியே சம்மதித்தார். ரேடார் வந்தது. அது சொல்வதை வண்டி கேட்டு நடக்க, குழுவில் கணினி நிரல் எழுதும் பெண் மேடத்தோடு மல்லுக்கட்டி எழுதி முடித்தாள். ஆனால் மறுசோதனைக்கு மழை வேண்டுமே! வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

“சோப்புத் தண்ணி கொண்டாங்க” என்றார் மேடம். குழு மொத்தமும் தண்டவாளத்தில் இறங்கியது. அவரும் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேய்த்தார். வேடிக்கை பார்க்க வந்த கணவர், “வீட்ல ஒரு தட்டு கழுவி நான் பாத்ததில்லயே!” என்றார்.

எல்லோரும் நடைமேடைக்கு ஏறியதும் வண்டி புறப்பட்டது. நுரையில் கால் வைத்ததும் சக்கரம் கிறீச்சிட்டுச் சறுக்கியது. மேடம் கணவரின் கையை இறுக்கிப் பிடித்தார். வண்டி தணிந்தது, ஊர்ந்தது, நின்றது. நடைமேடைக் கதவும் ரயில் கதவும் நேருக்கு நேராகத் திறந்தன.

“நின்னுருச்சுடி!” என்று கத்திக்கொண்டே மேடம் நிரல் எழுதிய பெண்ணைக் கட்டிக்கொண்டார். தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “தேதி குறிக்கலாமா மேடம்?”

“இப்பவே குறிங்க!”

திறப்பு நாளில் கூட்டம் அலைமோதியது. முதல் நிலையத்தில் வண்டி கோட்டில் கச்சிதமாக நின்றது. ஜனங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஜன்னலோர இடத்துக்கு முண்டியடித்தார்கள். இடிபட்டு நின்றிருந்த மேடத்துக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கணவரின் காதில், “பாத்தியா, ஒருத்தருக்கும் தெரியல!” என்றார்.