படகின் அடிப்பக்கம்

பிராக் தீவுக் கடலில் டீக்கன் பள்ளம் என்ற இடத்தின் மேல்பக்கம் ஒலீடா ஸ்காட்டுக்கு அத்துப்படி. எந்தக் காற்றுக்கு அலை எந்தப் பக்கம் மடியும், வெயில் ஏற ஏறத் தண்ணீரின் நிறம் எங்கே வெட்டினாற்போல் மாறும், மிதவையில் கட்டிய படகு எப்போது மூக்கைத் திருப்பும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதிலிருந்து அந்தப் படகை ஓட்டியவள் அவள்தான். புருஷன் தர்லோ, கடலடியைப் பார்க்கக் காசு கொடுத்து வரும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கீழே முங்குவான். இவள் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தண்ணீரில் கொப்புளித்து வரும் குமிழிகளைப் பார்த்தபடி மேலே உட்கார்ந்திருப்பாள். குமிழி வந்துகொண்டிருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். வேறு தகவல் எதுவும் மேலே வராது.

அவளுடைய அம்மா காலத்தில் பிராக் தீவுப் பெண்கள் கப்பலுக்குப் போன ஆண்களுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள். தர்லோ பெண் கேட்டு வந்தபோதே ஒலீடா சொல்லிவிட்டாள்: "காத்திருக்கத்தான் வேணும்னா தண்ணி மேலயே இருந்து காத்திருக்கேன். வீட்டுல உக்காந்து சன்னலைப் பாத்துட்டிருக்க என்னால ஆகாது." அப்படித்தான் அவள் படகுக்கு வந்தாள். ஆனால் ஒரு நாளும் கீழே போனதில்லை. ஒருவர் மேலே இருந்தாக வேண்டும், அது அவள் வேலை என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. பிறகு யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போன வருஷம் தர்லோவின் காது போயிற்று. ஒரு விருந்தாளி கை நழுவிய கேமராவின் பின்னாலேயே கடலடிப் பாறைச்சுவரோரமாக இறங்கிக்கொண்டே போனார். தர்லோ துரத்திப் போய்ப் பிடித்து, வேகமாக மேலே இழுத்து வந்தான். ஆழத்திலிருந்து அப்படி அவசரமாக ஏறினால் ரத்தத்திலேயே குமிழி கட்டிவிடும். விருந்தாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் காலை வயிறாரச் சாப்பிட்டார். தர்லோவைப் பெரிய தீவுக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு போய், அழுத்த அறைக்குள் நாள் முழுக்க வைத்திருந்தார்கள். உயிர் தங்கியது. வலது காது தங்கவில்லை. காதோடு உடம்பின் நிதானமும் போனதில், நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தான். "ஷவர்ல நின்னு குளிக்கலாம். கடலுக்குள்ள தலையே போகக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு விருந்தாளிகளைக் கீழே கூட்டிப் போகும் வேலையை மகள் ஜெனீல் எடுத்துக்கொண்டாள். தர்லோ படகில் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உட்காரத்தான் தெரியவில்லை. எழுவான், தடுமாறுவான், உட்காருவான், வாய் மூடாமல் பேசுவான். கடலடிப் பாறைச்சுவரில் எந்தப் பிளவில் எந்த மீன், எந்தத் திருப்பத்தில் எந்தக் கடற்பஞ்சு என்று வருகிற ஒவ்வொருவரிடமும் ஒப்பித்தான்.

ஒருநாள் கனடாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், காற்றுச் சிலிண்டரின் குழாயைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டாள்: "மிஸ் ஒலீடா, கீழ எப்படி இருக்கும்?"

ஒலீடா வாயைத் திறப்பதற்குள் தர்லோ முந்திக்கொண்டான். "அவகிட்டயா கேக்கறீங்க? அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் குமிழிதான். சோடா பாட்டிலைப் பத்திக் கேளுங்க, விலாவாரியாச் சொல்லுவா."

படகே சிரித்தது. ஒலீடாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மகளிடம் சொன்னாள்: "எனக்கு முங்கக் கத்துக்குடு."

"மம்மா, உனக்கு அம்பத்தாறு ஆகுது."

"கடல் என் வயசைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

துறைமேடைக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் ஆரம்பமாயிற்று. சின்னத் தீவு. இரண்டாவது நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்கார கிளீவ் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கத்துவார்: "மிஸ் ஒலீடா, சிங்கி இறால் ரெண்டு மாட்டினா எனக்கு எடுத்து வைங்க!" தர்லோ முதலில் வேடிக்கை பார்த்தான், அப்புறம் கிண்டல் செய்தான், அப்புறம் துறைமேடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான்.

முகக்கண்ணாடியைத் தண்ணீருக்குள் கழற்றி மாட்டுவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியதும் உடம்பு தானாகவே எழுந்து நின்றுவிடும். "உன் மூக்கு எங்கயும் ஓடிடாது மம்மா. அவசரப்படாதே" என்பாள் ஜெனீல். அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பத் திரும்ப முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒருநாள் அதையும் செய்துவிட்டாள்.

விருந்தாளிகள் யாரும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து மூன்று பேரும் டீக்கன் பள்ளத்துக்குப் போனார்கள். தர்லோ காலையிலிருந்தே சிடுசிடுவென்று இருந்தான். ஒலீடாவின் தோள்பட்டை வார்களை இழுத்துப் பார்த்தான், தளர்த்தினான், மறுபடி இழுத்தான். முங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளைத் தூக்கிப் பார்த்தான்.

"ஈயம் ஜாஸ்தி."

"சரியாத்தான் இருக்கு டாடி" என்றாள் ஜெனீல்.

"சுவரோரத்துக்குப் போனா குனிஞ்சு பாக்காதே, போபோ. நேராப் பாரு. கேட்டியா?"

எப்போதாவதுதான் அவன் அவளைச் செல்லமாகப் போபோ என்று கூப்பிடுவான். ஒலீடா தலையாட்டிவிட்டு, முகக்கண்ணாடியைக் கையால் பொத்தியபடி பின்புறமாகத் தண்ணீரில் சாய்ந்தாள்.

முதலில் அவளுக்குத் தெரிந்தது சத்தம். கடல் ஊமை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். தன் மூச்சே உலைத்துருத்தி மாதிரி கேட்டது. அதற்கு அடியில், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி எல்லாப் பக்கமிருந்தும் ஒரு படபடச் சத்தம். கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்கிற சத்தமும் நறுக்நறுக்கென்று தனியாகக் கேட்டது. மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்கள். ஊதா நிறக் கடல் விசிறிகள் எல்லாம் ஒன்றுபோல இந்தப் பக்கம் சாய்ந்தன, அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒரு பெரிய களவா மீன் வந்து, வீட்டுக்கு வந்தவர்களைப் பார்க்கிற நாய் போல அவள் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. போகச் சொன்னாலும் போகவில்லை.

பாறைத்தரை கொஞ்ச தூரம் சரிந்து போய், சட்டென்று நின்றது. அதற்கப்புறம் நீலம் மட்டும்.

ஜெனீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் விளிம்பைத் தாண்டினார்கள்.

விழுந்துவிடுவோம் என்றுதான் ஒலீடா நினைத்தாள். விழவில்லை. சுவர் ஒரு பக்கம் செங்குத்தாக நின்றது. மழைத்தண்ணீர் பீப்பாய் அளவுக்குக் கடற்பஞ்சுகள், பிளவுகளில் மீசை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சிங்கி இறால்கள். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தர்லோ குனியாதே என்றான். குனிந்தாள். நீலம் கறுத்துக்கொண்டே போய், கண்ணுக்குப் பிடி கொடுக்காத ஓர் இடத்தில் முடிந்தது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது பயமில்லை. உடம்பின் கனம், முழங்கால் வலி, வீடு, நாளைய சமையல் எல்லாம் எங்கேயோ கழன்று போயிருந்தன. தேவாலயத்தில் பாட்டு முடிந்து யாரும் இன்னும் உட்காராத அந்தக் கணம் போல இருந்தது.

இதைத்தானே அவன் தினமும் அனுபவித்தான் என்று தோன்றியதும் அவளுக்குக் கோபம் வந்தது. கூடை கூடையாக வந்தது. நான் மேலே வெயிலில் வெந்துகொண்டு, குமிழி ஒரு நொடி தாமதித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவன் இங்கே, இப்படி.

அந்தக் கோபத்தோடுதான் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே, வெள்ளிக் கூரை போல நெளியும் ஒளியில், படகின் அடிப்பக்கம் தெரிந்தது. சின்னதாக, பாதாம் இலை மிதப்பதுபோல, அத்தனை தெளிவாக. மேலிருந்து பார்த்தால் கீழே எதுவும் தெரியாது. கீழிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. இத்தனை வருஷமும் அவள் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு தடவைகூட அவளைத் தேட வேண்டியிருந்ததில்லை.

ஜெனீல் கையை அழுத்தித் திரும்பலாம் என்று சைகை காட்டினாள். நீரோட்டம் எதிராக எழுந்திருந்தது. சுவரை ஒட்டி, பாறையைப் பிடித்துப் பிடித்து வந்ததில், போனதைவிடத் திரும்ப வெகு நேரம் ஆயிற்று. மிதவைக் கயிற்றைப் பிடித்து ஏறி, மேலே போகும் முன் உடம்பு பழகுவதற்காகக் கொஞ்ச ஆழத்தில் தாமதித்தார்கள்.

அப்போது படகின் பின்பக்கம் ஏதோ தொங்குவதை ஒலீடா பார்த்தாள். இரண்டு தடித்த கால்கள். மேலே காற்றடைத்த காக்கி அரைக்கால்சட்டை. அதற்கும் மேலே வயிறு. தர்லோ, படகிலிருந்து நீட்டிவிட்ட கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜெனீலின் பழைய முகக்கண்ணாடியை மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் படகில் யார்? யாருமில்லை.

அவர்கள் கண்கள் சந்தித்தன. அவன் ஒரு கையை அசைத்தான். உடனே அவன் உடம்பு ஒரு பக்கமாக உருண்டது. கால்கள் மேலே வந்தன. மேல் எது, கீழ் எது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது ஒலீடாவுக்குப் புரிந்துவிட்டது. கிளம்பப் போனவளை ஜெனீல் வாரைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக என்று கண்ணெதிரே விரலை ஆட்டினாள். சொந்தக் குமிழியைவிட மெதுவாக ஏறு என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். வாழ்க்கையிலேயே நீளமான ஏற்றம் அதுதான்.

மேலே வந்தபோது தர்லோ வாந்தியெடுத்திருந்தான். கயிற்றை மட்டும் விடவில்லை. ஒலீடா தோளிலிருந்த பாரத்தைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, ஏணியில் ஏறி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஜெனீல் கீழிருந்து தள்ளினாள். வலையில் வந்த பெரிய மீனைப் போல அவன் படகின் தரையில் விழுந்து, பலகையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"டாடி, உங்களுக்குப் பைத்தியமா?" ஜெனீலின் குரல் உடைந்தது. "படகைக் காலியா விட்டுட்டு யாராவது குதிப்பாங்களா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"குமிழி நின்னுபோச்சு" என்றான் தர்லோ, கண்ணைத் திறக்காமல்.

"நிக்கலை. விளிம்புக்கு அந்தப் பக்கம் போனோம், அலைல உங்களுக்குத் தெரியலை."

"எனக்குத் தெரியலை. அதான் சொல்றேன். எனக்குத் தெரியலை."

அதற்குச் சொல்ல ஒலீடாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. வருஷக்கணக்காகப் பழுத்த பதில். அவன் முகத்தைப் பார்த்தாள். மஞ்சளாக, மீசையில் உப்பும் எச்சிலுமாக இருந்தது. பதிலை விழுங்கிவிட்டு, துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

"கீழேருந்து பாத்தா படகு தெரியுது" என்றாள்.

"ஆமா."

"நீ ஒருநாள்கூடச் சொன்னதில்ல."

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எப்படித் தெரியும்?"

படகு ஆட்டத்தில் ஏணி தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னான்: "நான் எப்பவும் பாப்பேன். சுவர்ல திரும்பறப்பல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து பாப்பேன். படகு இருக்கும். சரின்னு மேல போவேன். அது... அதைப் போய் என்னன்னு சொல்றது?"

ஒலீடா எழுந்து போய் இயந்திரத்தைக் கிளப்பினாள். கோபம் போய்விட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். முழுக்கப் போகவில்லை. ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்ததாகச் சொன்ன அந்த நேரங்களில் தான் என்ன செய்துகொண்டிருந்திருப்போம் என்று யோசித்தாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்திருப்பாள், அல்லது குமிழியை வெறித்தபடி அவனைத் திட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

அதற்கப்புறம் ஜெனீல் இருவரையும் நிற்கவைத்துச் சட்டம் போட்டாள். டாடி தனியாகப் படகில் இருக்கக் கூடாது. படகை ஓட்ட எல்பர்ட் என்று ஒருத்தனை வைத்தார்கள். கரையில் சிலிண்டர்களுக்குக் காற்றடைக்கிற கொட்டகை தர்லோவின் பொறுப்பானது. அந்த இயந்திரத்தின் இரைச்சல் ஒற்றைக் காதுக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்றான். விருந்தாளிகள் குறைவாக இருக்கும் நாட்களில் ஒலீடா கீழே போனாள். மற்ற நாட்களில் எல்பர்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடித்தாள்.

தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்டுச் சாப்பிட உட்கார்ந்த ஒரு சாயங்காலம், அவள் சொன்னாள்: "இன்னிக்கு மிதவைக் கயித்துல ஒரு கடல்குதிரை பாத்தேன்."

"டீக்கன் பள்ளத்துலயா? அங்க கடல்குதிரை கிடையாது."

"இருக்கு."

"ஒலீடா, அந்தக் கயித்தைக் கட்டினதே நான். எத்தனை தடவை அதைப் பிடிச்சு இறங்கியிருக்கேன். கிடையாது."

"நீ மேல பாத்துட்டே இறங்கியிருப்ப."

தர்லோ கிழங்கைப் பிட்டு வாயில் போட்டு மென்றான். "என்ன நிறம்?"

"மஞ்சள்."

"மஞ்சளா? சும்மா அளக்காதே."

அவள் மீன் முள்ளை ஒதுக்கிச் சாப்பிட்டாள். அவனும் சாப்பிட்டான். தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "எவ்வளவு பெருசு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரல் அளவு காட்டி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.