டாக்டரம்மாவும் பழைய கையும்

மதியச் சாப்பாடு முடிந்து எடிட்டிங் அறைக்குள் நுழைந்தவனுக்குத் தன் மனைவியின் குரல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது.

"பதறாதீங்க, உங்க படம் எங்கேயும் போயிடல. சாஃப்ட்வேரை மூடிட்டு, தற்காலிகக் கோப்பெல்லாம் சேர்ற கேஷ் ஃபோல்டரை மொத்தமா அழிச்சிடுங்க. பழைய குப்பை சேர்ந்து போனாத்தான் இப்படி விக்கும்."

சவுண்ட் எடிட்டர் கைபேசியைத் திரையோரம் சாய்த்து வைத்து, அதில் ஓடிய வீடியோ சொன்னபடியே செய்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து விக்கி விக்கி ஓடிக்கொண்டிருந்த படம், சற்று நேரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"டாக்டரம்மா கைராசியே கைராசி" என்றாள் அவள். பக்கத்து மேசைக்காரன், "எனக்கும் அந்த லிங்கை அனுப்பு" என்றான்.

குரல் கேட்டுத் திடுக்கிட்டு நின்றவன்தான் அந்த அறையில் சீனியர் எடிட்டர். கிளிப்புகள் காணாமல் போய்த் திரை முழுக்கச் சிவப்பாகட்டும், உதடு முன்னே போய்ப் பேச்சு பின்னே வரட்டும், "அண்ணா, கொஞ்சம் வாங்களேன்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெருமூச்சு விட்டபடி போவான். உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு, நாலு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டு, என்ன செய்தான் என்று சொல்லாமலே திரும்பி வருவான். அந்த நடைக்கே ஒரு தனி மிடுக்கு உண்டு. இப்போதெல்லாம் அவனை யாரும் கூப்பிடுவதில்லை. 'டாக்டரம்மா'வின் வீடியோக்கள் வந்துவிட்டன.

டாக்டரம்மா அவன் மனைவிதான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வீடியோவில் குரலும் திரையும் மட்டும்தான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன விளம்பரப் படங்களை எடிட் செய்கிறவள், பொழுது போகாமல் பேசிப் போடுகிறாள் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். பெருமையாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. வயிறு மட்டும் எரிந்தது.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு பிசகு இருந்ததை அவன் காது பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய், 'இங்க பாரும்மா' என்று சொல்ல வேண்டிய விஷயம். அவனோ பஸ்ஸில் உட்கார்ந்தபடி, 'பழைய கை' என்ற பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினான். வீடியோவுக்குக் கீழே எழுதினான்: "சில பேருக்கு ஆட்டோ சேவ் நகல்களும் அதே ஃபோல்டருக்குள்ளதான் இருக்கும். மொத்தமா அழிச்சா அதுவும் போச்சு. அரைகுறையா தெரிஞ்சு வெச்சுக்கிட்டு டாக்டர் வேஷம் போடாதீங்க."

அனுப்பியதும் நெஞ்சு குளிர்ந்தது.

வீட்டில் அவள் முகம் சுண்டிக் கிடந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து எதையோ அழித்து அழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் புது வீடியோ வந்தது. "நேத்து நான் சொன்னது தப்பு. ஃபோல்டரை அழிக்காதீங்க, செட்டிங்ஸுக்குப் போய் கேஷை மட்டும் அழிங்க. இதைச் சுட்டிக்காட்டின பழைய கைக்கு ரொம்ப நன்றி."

இந்த வீடியோவுக்கு முன்னதைவிடக் கூட்டம் கூடியது. தப்பை ஒத்துக்கொள்ளும் டாக்டர் எங்கே கிடைப்பார் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். காலை வாரிவிடப் பார்த்தவன், அவளை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டிருந்தான்.

அன்று சாப்பிடும்போது, "யாருன்னு தெரியல, ஆனா அந்தப் பழைய கைக்கு விஷயம் தெரியுது. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றாள்.

"எவனாவது வேலைவெட்டி இல்லாதவனா இருப்பான்."

"இல்லைங்க, தொழில் தெரிஞ்ச ஆளு. அப்படி ஒருத்தர் பக்கத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் புரையேறியது.

அவள் பழைய கைக்குச் சந்தேகங்கள் எழுதத் தொடங்கினாள். அவனும் பதில் எழுதினான். கைபேசியில் எடுத்த படத்தில் பேச்சு போகப் போக விலகுகிறதே என்று கேட்டாள். கைபேசி ஒரே வேகத்தில் படம் பிடிப்பதில்லை, முதலில் அதை ஒரே வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யும் டைம்லைனில் போட வேண்டும் என்று விளக்கினான். பதில்கள் நீண்டன. குத்தல் குறைந்து, நடுநடுவே கேலியும் சேர்ந்தது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டபோதுதான் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறவனை எங்கே போய்த் தேடி உதைப்பது?

"என்ன, சிரிப்பு பலமா இருக்கு?"

"பழைய கைதான். குறும்புக்கார மனுஷன்."

"சந்தேகம்னா என்கிட்ட கேட்க வேண்டியதுதானே?"

"கேட்காமலா? கல்யாணமான புதுசுல எத்தனை தடவை கேட்டேன்! தள்ளுன்னு சொல்லிட்டு நீங்களே செஞ்சு முடிச்சிடுவீங்க. எப்படின்னு கேட்டா, உனக்கெதுக்குன்னுவீங்க. அவர் என்ன ஏதுன்னு விவரமா சொல்றார்."



"அவரை ஒரு வீடியோவுல பேச வைக்கலாம்னு இருக்கேன்" என்றாள் தொடர்ந்து. "வர்றீங்களான்னு கேட்டு எழுதியிருக்கேன்."

"அவன் வரமாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குமேல் தாங்கவில்லை. கைபேசியை எடுத்து, 'பழைய கை' கணக்கைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் கடைசியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். முதலில் திகைத்தாள், பிறகு சிரிப்புக்கூட வந்தது. எல்லாவற்றுக்கும் முந்தியதாக இருந்த அந்த 'டாக்டர் வேஷம்' வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இதுவும் நீங்கதானா?"

தலையாட்டினான்.

"இதைப் படிச்சுட்டு அன்னிக்கு சேனலையே மூடிடலாம்னு இருந்தேன். ஏங்க இப்படி எழுதினீங்க?"

"பொறாமை" என்றான். "ஆபீஸ்ல எல்லாரும் உன் பேச்சைத்தான் கேட்கிறாங்க. என்னை யாரும் கூப்பிடுறதே இல்ல."

அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன்பிறகு சில நாட்கள் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு பேச்சும் இல்லை. அவன் அந்தக் கணக்கை அழித்தான். அலுவலகத்தில், "டாக்டரம்மா என் வீட்டுக்காரிதான்" என்று சொன்னான். யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு, "அண்ணா, அவங்களை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்களேன்" என்று பிய்த்து எடுத்தார்கள். அதைக் கேட்டும் அவனுக்கு எரியத்தான் செய்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்க. முடிச்ச படத்தை எக்ஸ்போர்ட் பண்ணி வெளியே எடுக்கப் பார்த்தா, ஒரே இடத்துல வந்து நின்னுடுது."

அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "படத்தைப் பாதிப் பாதியா எக்ஸ்போர்ட் பண்ணிப் பாரு. எந்தப் பாதி நிக்குதோ அதை மறுபடி பாதியாக்கு. கோளாறு எங்கன்னு மாட்டிக்கும்."

மாட்டியது. கடைசியில் ஒரே ஒரு கிளிப்.

"அதைத் தூக்கிட்டு வேற போடு" என்றான்.

"கிளிப் மேல தப்பில்லைங்க. அதுக்கு மேல எழுத்து ஓடுது பாருங்க, அந்த எஃபெக்ட்தான் இழுக்குது." எழுத்தை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எக்ஸ்போர்ட் நிற்காமல் கடைசிவரை போனது.

அவள் சொன்னதுதான் சரி. உள்ளே சுருக்கென்றது.

"அது எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டான்.

அவள் ஒரு கணம் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.