வீட்டைப் பார்த்த வாட்டம்

நீலகிரி மலையில், கட்டபெட்டு நாச்சிமுத்துவின் மனைவி மருதாம்பாள் சறுக்க ஆரம்பித்தது இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மணிக்கு நாலு விரற்கடை வீதம். முன்னறை ஜன்னலுக்கு நேராகப் பாய் விரித்து பீன்ஸ் நாரெடுக்க உட்கார்ந்தவள், நாரெடுத்து முடித்தபோது பாயோடும் பீன்ஸோடும் அரையடி தள்ளி, சுவர்க் காலண்டருக்கு நேராக இருந்தாள். கையூன்றவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வைகாசியில் அது மணிக்கு ஒரு சாண் ஆயிற்று, ஆனியில் ஒரு முழம். நாற்காலியில் உட்கார்த்தினால் நாற்காலியும் கூடப் போனது, கட்டிலில் படுக்கவைத்தால் கட்டிலும். எழுந்து நடக்கப் பார்த்தால் வேகம் இன்னும் கூடி, ஓரடி முன்னே வைப்பதற்குள் ஒன்றரை அடி பின்னே போனாள். எந்தத் தரையில் வைத்தாலும் அந்தத் தரையின் பள்ளமான பக்கம் பார்த்தே அவள் பயணம். ஊருக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மலையில் எல்லாமே ஒருநாள் கீழே வரும். மண் வரும், பாறை வரும், கேரட் லாரி வரும். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகருதாம், அக்கா நகர்ந்தால் என்ன என்று பஸ் ஸ்டாப்பில் கேலி பேசினார்கள். நாச்சிமுத்துவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வீட்டுத் தரை முழுக்க, கழுவிவிட்ட தண்ணீர் போவதற்காகப் பின்வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது. பின்வாசலைத் தாண்டினால் பதினான்கு அடிக்குப் புழக்கடை. புழக்கடை முடிந்த இடத்தில் மலை மூன்று ஆள் உயரத்துக்கு நேராக இறங்கித் தேயிலையில் போய் நின்றது.

கோயமுத்தூர் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, வயசுக்கு நல்ல உடம்பு என்று எழுதிக் கொடுத்தார். திருப்பூரில் இருக்கும் மகள் கலைமதி, சமவெளிக்குக் கூட்டிவாங்கப்பா என்றாள். கோத்தகிரியில் பஸ் ஏறி பின்சீட்டில் உட்கார்ந்த மருதாம்பாள் மூன்றாவது வளைவில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் வெற்றிலை மென்றபடி கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தார். திருப்பூர் அடுக்குமாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாத்ரூம் கதவில் போய் முட்டிக்கொண்டாள். சமவெளி என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தான், தரை என்று ஒன்று போட்டால் எந்த ஊரிலும் எங்காவது ஒரு பக்கம் சரித்துத்தான் போடுகிறார்கள். திரும்பிக் கூட்டிவந்து, நாச்சிமுத்து மாட்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டினார். கம்பி வளைந்தது. இடுப்பில் கயிற்றுத் தடம் கன்றிப்போனது. அதில் அவர் தினமும் தேங்காயெண்ணெய் தடவினார். முப்பத்திரண்டு வருஷம் டீ பேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்துவிட்டு, வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனுஷன். தன்னைப் பிடிக்காமல்தான் போகிறாளோ என்ற சந்தேகம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும்விட்டார்.

"நான் எங்கீங்க போறேன்?" என்றாள் மருதாம்பாள். "எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க. பிடிப்புத்தான் இல்ல."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

ஆனிக் கடைசியில் அவர் காய் வாங்கப் போன நேரம், கயிறு நைந்து அறுந்தது. அவள் பாரம் தாங்காமல் பின்வாசல் கதவு கீல் கழன்று விழுந்தது. அவர் பையோடு திரும்பியபோது மருதாம்பாள் புழக்கடைச் சரிவில் வேகமெடுத்து, விளிம்புக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம், பிளம்ஸ் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மரம் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தது. அவளை உள்ளே இழுத்துவந்து, புதுக் கயிற்றால் சமையலறை ஜன்னலில் கட்டினார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று, ஒரு பக்கமும் சரியாத தரை ஒன்று உடனே வேண்டும். வீட்டுத் தரையைப் பெயர்த்தால் சுவர் நிற்காது. மிச்சமிருந்தது புழக்கடைதான். கொத்தனார் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து முப்பது வருஷம், கை சுத்தமான வேலைக்காரர். சொன்னதைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது. வாட்டம் என்றால் முகவாட்டம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் தானாக ஓடட்டும் என்று கொத்தனார் தரையில் விடும் சரிவுக்கும் வாட்டம் என்றுதான் பெயர். வாட்டம் இல்லாமல் ஒரு தரை போடச் சொல்வது, உப்பில்லாமல் ஒரு கல்யாண விருந்து சமைக்கச் சொல்வது மாதிரி. ஆனாலும் அம்மாவுக்காக என்று சிமெண்டுக் கல் பதித்துக் கொடுத்தார். மறுநாள் மருதாம்பாளை உட்காரவைத்தார்கள். சாயங்காலத்துக்குள் நாலு விரற்கடை போயிருந்தாள். பெயர்த்து மறுபடியும் பதித்தார். மறுபடியும் போனாள்.

"வாட்டம் நான் விடல அண்ணாச்சி," என்றார் இசக்கிமுத்து, தலையைக் குனிந்துகொண்டு. "கை தன்னால விட்டுட்டு. முப்பது வருசப் பழக்கம்லா."

தன் கையே தனக்குதவி என்று நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஆபீசில் பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை. மானேஜர் முதல் பியூன் வரை முப்பத்திரண்டு வருஷமும் அவரை மட்டம் தட்டினார்கள். இப்போது அவர் மண் இடிக்கிற திமுசுக் கட்டையை எடுத்துக்கொண்டு பூமியை மட்டம் தட்டக் கிளம்பினார். போனில் வீடியோ பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர், ஒரு மலையாளி, ஒரு ஜப்பான் அம்மாள், எல்லோரும் தத்தம் வீட்டுப் பின்னால் அழகழகாகக் கல் பதித்தார்கள். எந்த மொழியில் பார்த்தாலும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: வீட்டைவிட்டு வெளியே பார்த்து வாட்டம் விடுங்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் வீடியோவைத் தள்ளிவிட்டார். கல்லையெல்லாம் பெயர்த்து அடுக்கி, முக்கால் அடி ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லி கொட்டி இடித்து, அதன்மேல் கிரஷர் மண் பரப்பி, இரண்டு இரும்புக் குழாயைத் தண்டவாளம் போல் வைத்துப் பலகையால் இழுத்தார். ஹார்டுவேர் கடை மக்பூல் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றைக் கொடுத்து, அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்க்கச் சொன்னார். கொத்தனார் ரசமட்டம் கூட ஒருநாள் பொய் சொல்லும்ணா, தண்ணி சொல்லாது என்றார். நகம் பிளந்தது, முட்டி தேய்ந்தது, ஒரே வரிசையைப் பதினேழு தடவை பெயர்த்துப் பதித்தார். மருதாம்பாள் சமையலறையில் கட்டுப்பட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மூன்று கம்பிகள். ஆவணியில் ஒன்று பிடுங்கிக்கொண்டது, புரட்டாசியில் இன்னொன்று. ஒவ்வொரு கம்பி போகும்போதும் அவர் வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மழை இறங்கினால் மண் வேலை செய்ய முடியாது, ஒற்றைக் கம்பி கார்த்திகை வரை தாங்காது.

புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி கடைசிக் கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டினார். நீலகிரி ஜில்லாவில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு மட்டமான இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை வைத்தால் வைத்த இடத்தில் இருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மூடுபனி அதில் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மத்தியானம் வரை அப்படியே நின்றது. விளக்குமாற்றால் தள்ளிவிட வேண்டியிருந்தது. மருதாம்பாளைக் கயிறு அவிழ்த்து நடுவில் உட்காரவைத்து, நாற்காலிக் காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம். கோட்டைவிட்டு மயிரிழை நகரவில்லை. நாச்சிமுத்து சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தார்.

பன்னிரண்டு நாள் அவள் அங்கேயே வெயில் காய்ந்தாள், சாப்பிட்டாள், கட்டில் போட்டுத் தூங்கினாள். பதின்மூன்றாம் நாள் மழை பிடித்தது. தலைக்கு மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொடுத்தார். வீட்டுக்குள் கொண்டுபோனால் மறுபடி கயிறு. போக இடமில்லாத தண்ணீர் அந்தத் தரையில் தட்டத்தில் ஊற்றியதுபோல் நின்றது, முதல் நாள் கணுக்கால், இரண்டாம் நாள் ஆடுசதை. மேலே ஓட வழியில்லை என்றதும் கீழே இறங்கியது. மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, விளிம்போரக் கல் வரிசை ஒரு விரற்கடை உட்கார்ந்தது. நின்றிருந்த தண்ணீர் முழுதும் அந்தப் பக்கம் திரும்பியது, நாற்காலியும் திரும்பியது. அடுப்பில் பால் வைத்திருந்தவர் அப்படியே ஓடிவந்து நாற்காலிக்கும் பள்ளத்துக்கும் நடுவே விழுந்தார். தோளைக் கொடுத்தார். குதிகாலை விளிம்புக் கல்லில் ஊன்றினார். நாற்காலி அவரைத் தள்ளியது. விளிம்புக் கல் பின்னால் மெல்லச் சாய்வது காலில் தெரிந்தது. தேயிலைச் செடிமேல் மண் உதிர்ந்து விழும் சத்தம் கேட்டது.

"விட்டுருங்க," என்றாள் மருதாம்பாள். "நீங்களும் சேர்ந்து போயிருவீங்க."

"விடமாட்டேன்."

"சொன்னாக் கேளுங்க."

"நீ இல்லாம அந்த ஊட்ல நான் என்ன புள்ள பண்ணுவேன்? யாருக்குன்னு கதவத் தெறப்பேன்?" என்று அவர் கத்தினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

மருதாம்பாள் குனிந்து அவரைப் பார்த்தாள். அவள் கன்னத்தில் வழிந்தது மழையா வேறா என்று சொல்லத் தெரியவில்லை.

"இத முன்னாலயே ஒருக்காச் சொல்லியிருக்கலாமில்லீங்க," என்றாள். பிறகு அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "தண்ணிய நில்லுன்னா நிக்குமுங்களா? என்னையும் நிக்கச் சொல்றீங்க. என்னால நிக்க முடியலீங்க. எங்க வரோணும்னு சொல்லுங்க, நான் வர்றேன்" என்றாள்.

தன் கைக்கு வராத தரை எப்படி நிற்கிறது என்று பார்க்க இசக்கிமுத்து மக்பூலையும் கூட்டிக்கொண்டு அந்த நேரம் வந்ததால் தப்பித்தார்கள். மக்பூல் வண்டியில் கிடந்த நைலான் கயிறு போட்டு இரண்டு பேரையும் நாற்காலியோடு உள்ளே இழுத்தார்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. மருதாம்பாளை இரும்பு அலமாரியோடு கட்டி, அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் போல்ட் போட்டார்கள். மழை விட்டதும் நாச்சிமுத்து எல்லாக் கல்லையும் மறுபடி பெயர்த்தார். இந்தத் தடவை விளிம்புப் பக்கம் ஜல்லியைக் கூட்டிக் கொட்டி, வீட்டுப் பக்கம் குறைத்தார். நூல் கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும் இசக்கிமுத்து நூலை எட்டிப் பிடித்தார். உலகத்தில் எந்தக் கொத்தனாரும் செய்யக் கூடாத காரியம் அது.

"வீட்டப் பாத்தா அண்ணாச்சி வாட்டம் விடுதீய? தண்ணி பூராம் அடுப்படிக்குள்ள வந்துரும்லா."

"வரட்டும்," என்றார் நாச்சிமுத்து, கல்லைத் தட்டிக்கொண்டே. "அவளும் வருவால்ல."

முதல் தடவை வாட்டம் அதிகமாகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு விளிம்போரம் உட்கார்த்திய மருதாம்பாள் பத்தேகாலுக்கே சமையலறை வாசலில் வந்து நின்று, இன்னும் சோறு வேகலீங்களா என்றாள். பெயர்த்து அரை அங்குலம் குறைத்தார். இரண்டாம் தடவை சரியாக அமைந்தது. வீட்டுத் தரை பின்வாசலைப் பார்த்துச் சரிகிறது, புழக்கடை அதே வாசலைப் பார்த்துச் சரிகிறது. எனவே அவளைப் பொறுத்தவரை அந்த நிலைப்படிக்குக் கீழே பூமி இல்லை. கட்டிலை அங்கே போட்டுக்கொண்டார்கள். கயிற்றை மக்பூல் கடைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. இடுப்புத் தடம் தை மாதம் மறைந்தது. இசக்கிமுத்து சொன்னதும் பொய்யில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் கார்த்திகையும் சமையலறையில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. மிச்சக் கல்லை அடுக்கி அதன்மேல் கேஸ் அடுப்பை ஏற்றியிருக்கிறார். சுவரில் இடுப்புயரத்துக்குப் பாசி. நாச்சிமுத்துவுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணி அரைத்துப் பூசிக்கொள்கிறார். அந்த வழியாகப் போனால் இசக்கிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

தினமும் ஒன்பது மணிக்கு அவளை விளிம்போரம் கொண்டுபோய், பள்ளத்தாக்கைப் பார்க்க உட்காரவைத்துவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார். அதைப் பார்த்தபடியே அவள் பின்பக்கமாக, மணிக்கு இரண்டடி வீதம் வருவாள். பாதித் தூரத்தில் மத்தியானச் சாப்பாடு. முப்பத்திரண்டு வருஷம் பேக்டரி விட்டு ஆறரைக்கு வருகிற மனுஷனுக்காக அவள் முன்வாசலில் நின்றாள். அதை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது மூன்றரைக்கே டம்ளரோடு பின்வாசலில் வந்து நின்றுவிடுகிறார். நாலு மணி பஸ் ஹாரன் அடிக்கும்போது நாற்காலி நிலைப்படியில் வந்து தட்டும்.

"வந்துட்டனுங்க," என்பாள்.

"வா, டீ ஆறுது," என்பார்.