வெளிநோயாளிகள் கூடத்தில் ஒரு நாற்காலி

அலுவலகத்தைக் காலி செய்கிறோம், இனிமேல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று மேனேஜர் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று அவளும் தட்டினாள். மற்றவர்களுக்கு வீடு இருந்தது. அவளுக்கு இருந்தது பாதிக் கட்டில்.

ராத்திரி அந்தக் கட்டில் அவளுக்கு. பகலில், பிஸ்கட் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஓர் அக்காவுக்கு. காலையில் அந்த அக்கா வருவதற்குள் இவள் குளித்துக் கிளம்பிவிட வேண்டும். சாயங்காலம் அவர் போன பிறகுதான் திரும்பி வரலாம். கட்டில் ஒன்று, வாடகை இரண்டு. வீட்டுக்காரம்மா கெட்டிக்காரி. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் "வர்றேன்க்கா", "சரிம்மா" என்பதோடு இருவருக்கும் பேச்சு முடிந்துவிடும். தலையணையில் மட்டும் எப்போதும் லேசாக வெண்ணெய் வாசம் இருக்கும்.

துணி துவைக்கும் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. வாங்கியவர்கள் எழுதி அனுப்பும் புகார்களுக்கு எழுத்திலேயே பதில் அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் அவளைப் பதில்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை, ஐஸ் மலை மாதிரி வளருகிறது என்று நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும். கோபம் தலைக்கேறியவர்கள், "நீ மனுஷனா, மெஷினா?" என்று கேட்பார்கள். "மனுஷிதான் சார், சொல்லுங்க" என்று அடிப்பாள்.

வேலைக்கு நெட் வேண்டும். கம்பி இணைப்புக்கு முகவரிச் சான்றும் ஒரு வருட ஒப்பந்தமும் கேட்டார்கள். "என் வீட்டு அட்ரஸையெல்லாம் தூக்கிக் குடுக்க முடியாதும்மா" என்று வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் ஒரு செல்போன் கடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். பாக்கெட் வைஃபை.

"விலை கம்மிதான். ஒப்பந்தம், கையெழுத்து, ஒண்ணும் கிடையாது" என்றார் கடைக்காரர். "ரீசார்ஜ் போட்டா ஓடும், போடலைன்னா நிக்கும். வேணாம்னா தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். ஏன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது."

நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை கடையை விட்டு இறங்கும்போது அவள் கூடவே இறங்கியது.

நெட் பைக்குள் வந்துவிட்டது, உட்கார இடம்தான் இல்லை. காபிக் கடையில் ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? பையன் வந்து மேசையைத் துடைத்த இடத்தையே துடைப்பான். பூங்காவில் வெயிலுக்குத் திரை தெரியவில்லை. நூலகத்தில் அவள் விரல் வேகத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கப் போய், பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்துக்குள் நுழைந்தாள். வரிசை வரிசையாக நாற்காலிகள், மேலே ஃபேன், சுவரோரம் பிளக், பக்கத்திலேயே சுத்தமான பாத்ரூம். முக்கியமாக, அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று காவலாளிகூடக் கேட்பதில்லை. மறுநாள் மழை இல்லை. இருந்தும் போனாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளை தவிர அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. காலையில் டோக்கன் வாங்கக் கூட்டம் நெருக்கும், மதியம் வடிந்துவிடும். ஒருவருக்கும் அவளைத் தெரியாது. வாரக்கணக்கில் அந்தக் கூடத்தில் அவள் வாய் திறந்து பேசியதெல்லாம் "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" மட்டும்தான்.

அந்த மௌனத்தை உடைத்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். அவர் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு முதல் மாடிப் பெண்கள் வார்டில் கிடந்தார். பார்வை நேரம் தவிர ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அவரும் கூடத்திலேயே காத்துக் கிடந்தார்.

"உனக்கு யாரும்மா உள்ள?" என்று கேட்டார்.

யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலி போய்விடுமோ என்று பயம் வந்தது. "அம்மா" என்று வாய் முந்திக்கொண்டது.

"எந்த வார்டு?"

"ஐசியூ."

தையல்காரர் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தபோது அவள் எடுத்ததும் கேட்டாள். "உனக்கு உடம்பு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். உன் குரல்தான் கட்டியிருக்கு. ஆபீஸ்ல ஏசியை ரொம்ப வைக்கிறாங்களா?"

"ஆமாம்மா" என்றாள். ஆபீஸ் இன்னும் இருக்கிறது என்ற அந்தப் பொய் பழகிப்போனது, வலிக்கவில்லை. ஐசியூ என்று சொன்னதுதான் முள்ளாகக் குத்தியது.

தையல்காரருக்கு ஒரு மகன், கப்பலில் வேலை. கப்பல் கரையோரம் வரும்போது மதியத்தில் கூப்பிடுவான். அவர் போனில் நெட் இல்லை. ஆஸ்பத்திரி வைஃபை டாக்டர்களுக்கு மட்டும். அவள்தான் தன் பெட்டியோடு அவர் போனை இணைத்துக் கொடுத்தாள். திரையில் மகன் முகம் தெரிந்ததும் மனிதர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வை நேரத்தில் அந்தப் பெட்டியையும் கடன் வாங்கி மாடிக்கு எடுத்துப் போய் மனைவிக்கும் காட்டினார். அவ்வளவு நேரமும் அவளுடைய புகார்க்காரர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டுமே என்று இருந்தது அவளுக்கு.

"அக்கா, நீங்க இல்லைன்னா எங்க அம்மா முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது" என்றான் மகன் ஒருநாள், அப்பாவின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்பதுதான் தினமும் காலையில் தையல்காரரின் முதல் கேள்வி. மனிதர் அவ்வளவு கவலையோடு கேட்கும்போது, அப்படியேதான் இருக்கிறார் என்று எத்தனை நாள் சொல்வது? ஒருநாள் அவர் முகம் மலரட்டும் என்றே, "கொஞ்சம் பரவாயில்லை. வார்டுக்கு மாத்திட்டாங்க" என்றாள்.

மலர்ந்தது. மறுநாள் இரண்டு பிளாஸ்க்கோடு வந்தார்.

"ஒண்ணு என் வீட்டுக்காரிக்கு, ஒண்ணு உங்கம்மாவுக்கு. காய்கறி சூப். நான்தான் வெச்சேன், உப்பு முன்னபின்ன இருக்கும். சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துடு."

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். அவளுடைய பொய்க்கு வாயும் வயிறும் முளைத்துவிட்டன. பிளாஸ்க்கோடு மாடிப்படி ஏறி, ஆள் நடமாட்டம் இல்லாத வளைவில் உட்கார்ந்து மூடியில் ஊற்றிக் குடித்தாள். உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. ஒருவர் அடுப்பைப் பற்றவைத்துச் செய்து, சூடாகக் கையில் கொடுத்து அவள் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. இதுவும் அவளுக்கென்று செய்ததல்ல. மூடியைக் கழுவி, முகத்தையும் கழுவிக்கொண்டு கீழே வந்தாள்.

"குடிச்சாங்களா?"

"முழுசாக் குடிச்சிட்டாங்க."

அது தினமும் நடந்தது. சும்மா இருக்கட்டும் என்று அவள் போன் நம்பரைக்கூட அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் மனைவிக்கு டிஸ்சார்ஜ் ஆனது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார். ஒல்லியான அம்மாள், கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது.

"இவ ஒரே பிடிவாதம். உங்கம்மாவை ஒரு எட்டு பார்த்துச் சொல்லிட்டுத்தான் வருவாளாம். எத்தனாம் நம்பர் பெட்டு?"

அவள் லேப்டாப்பை மூடினாள். "நேத்தே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

"அடடே, நல்லதாப் போச்சு!" என்றார் தையல்காரர். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ நீ ஏம்மா இங்க உட்கார்ந்திருக்க?"

பிளக்கில் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாள் அதைப் பார்த்தார், மடியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார்.

"வேலை பார்க்கத்தாங்க வர்றேன்" என்றாள் கடைசியில். "உள்ள எனக்கு யாரும் இல்லை. எங்கம்மா ஊர்ல நல்லா இருக்காங்க."

"ஆள் இல்லாம ஆஸ்பத்திரில வந்து யாராவது உட்காருவாங்களா?"

"உட்கார இடமில்லாதவங்க உட்காருவாங்க. நீங்க சும்மா இருங்க" என்றார் அம்மாள்.

ஆனால் தையல்காரரின் முகம் சுருங்கிவிட்டது. "தினமும் உங்கம்மா பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேன்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அம்மாள் அவள் கையை எட்டிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். சக்கர நாற்காலி வாசல் சரிவில் இறங்கிப் போயிற்று.

அந்தக் கூடத்துக்கு அவள் மறுபடி போகவில்லை. பஸ் நிலையத்தின் மாடியில் ஒரு பெஞ்சைப் பிடித்தாள். கீழே வண்டிகள் உறுமும். ஒலிபெருக்கி ஓயாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பதில் அடித்தாள்.

சில நாள் கழித்து போன் வந்தது. தையல்காரர்.

"உன்னோடது மாதிரியே ஒரு பெட்டி வாங்கினேன்மா. சிவப்பு லைட்டே எரியுது. கடைக்காரன் போனை எடுக்க மாட்டேங்கிறான்."

பழைய பேச்சு எதுவும் இல்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பின்மூடியைக் கழற்றச் சொன்னாள், சிம்மைத் திருப்பிப் போடச் சொன்னாள், பட்டனை விடாமல் அழுத்தச் சொன்னாள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு எழுதிய பதிலெல்லாம் இந்த ஒரு பதிலுக்குப் பழகிக்கொண்டதுதானோ என்று தோன்றியது. "பச்சை வந்துடுச்சு!" என்று அவர் கத்தினார்.

பின்னால் அம்மாளின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணா? இங்க வந்து உட்காரச் சொல்லுங்களேன். கடை மூலையில இடம் சும்மாத்தானே கிடக்கு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அட, கப்பல்லேருந்து பையன் கூப்பிடுறான். அப்புறம் பேசறேன்மா, வெச்சுடறேன்" என்றார் அவர்.

அப்புறம் பேசவில்லை. மறந்திருப்பார். கோபமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அவரவருக்கு ஆயிரம் ஜோலி. அம்மாள் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"நான்தாங்க. லைட்டு பச்சையாவே இருக்கான்னு கேக்கலாம்னு…"

"பிரமாதமா ஓடுதும்மா. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். அம்மா நடக்கிறாங்களா?"

"பிடிச்சுக்கிட்டு நடக்கிறா. சரிம்மா, கடையில ஆள் நிக்குது. நல்லா இரு."

போனை அவர் மேசைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கவில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது. யாரோ கை நீளம் குறைக்கச் சொன்னார்கள். உள்ளேயிருந்து அம்மாள் ஏதோ கேட்க, "இதோ வர்றேன்" என்றார் அவர். பஸ் சத்தம் அந்தப் பக்கம் போய்விடக்கூடாதென்று அவள் தன் பக்கத்து ஒலியை நிறுத்தினாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மெஷின் ஓடி ஓடி நிற்பதைக் கேட்டபடி, கதவு திறக்காத ஒரு ஃபிரிட்ஜுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தாள்.